படகின் ஹைட்ராலிக் ஸ்டியரிங்: ஒழுகும் இடமும் ஒழுகாத இடமும்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்

பாஸ்கல் விதியை எழுதி இரண்டு மார்க் வாங்காதவர் நம் மெக்கானிக்கல் பிரிவில் யாரும் இருக்க முடியாது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். இதில் 'மூடிய' என்ற சொல்லைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. பாத்திரம் சரியாக மூடியிருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் எடுத்துக்கொண்ட பாத்திரம், ஒரு மீன்பிடி விசைப்படகின் ஹைட்ராலிக் ஸ்டியரிங்.

ஏன் படகு என்று கேட்கலாம். நம் கிழக்குக் கடற்கரையில் 2017 முதல் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று எங்கே போனாலும் அந்த இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். நமக்கும் அநேகமாக அப்போதுதான் லீவு. லேத், வெல்டிங், இன்ஜின் ஓவர்ஹால், ஸ்டியரிங் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். இதைவிட நல்ல இன்பிளான்ட் டிரெயினிங் கிடைக்குமா, சொல்லுங்கள்!

சிறிய பழைய படகுகளில் சங்கிலியும் வயரும் போட்ட ஸ்டியரிங்தான். அதில் கோளாறு வந்தால் கண்ணுக்குத் தெரியும். வயர் இழை இழையாகப் பிரிந்து நிற்கும். ஹைட்ராலிக்கில் அப்படி இல்லை. நேற்றுவரை நன்றாகத் திரும்பிய வீல் இன்று துறைமுக வாயில் அலையில் சும்மா சுற்றும். படகில் பத்து பேர் இருப்பார்கள், இரண்டு பக்கமும் அலைத்தடுப்புக் கற்கள். ஆகவே 'லேசா ஒழுகுது, ஆயில் ஊத்திக்கலாம்' என்று விடக்கூடிய வேலை இல்லை இது.

பெரிய கப்பலுக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. 1978 மார்ச் 16 அன்று பிரான்ஸ் நாட்டின் பிரிட்டனி கடற்கரைக்கு அருகே அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் ஸ்டியரிங் கியரில் ஒரு ஹைட்ராலிக் பைப்பின் பிளேஞ்ச் ஸ்டட்கள் அறுந்தன. ஆயில் வெளியே பீய்ச்சி அடித்தது, பைப்புக்குள் காற்று புகுந்தது. ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. சுக்கான் கட்டுப்பாடு இல்லாமல் காற்றிலும் அலையிலும் நகர்ந்த கப்பல் அன்று இரவே பாறையில் ஏறியது. இரண்டு லட்சத்து இருபதாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. பெரிய டேங்கர்களில் ஒரு ஹைட்ராலிக் பகுதி போய்விட்டாலும் 45 விநாடிக்குள் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற சோலாஸ் விதியெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். நம் விசைப்படகில் இரண்டாவது பம்ப் ஏது? இருப்பது ஒரு ஹெல்ம் பம்ப், இரண்டு பைப், ஒரு சிலிண்டர்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடுவோம். வீலுக்குப் பின்னால் இருப்பது ஆக்சியல் பிஸ்டன் பம்ப். சாய்ந்த தட்டின் மேல் ஐந்தோ ஏழோ சின்னப் பிஸ்டன்கள் சுற்றும். நம் லேபில் மோட்டார் சுற்றும் பம்பை இங்கே டிரைவர் கையால் சுற்றுகிறார், வேறு வித்தியாசம் இல்லை. ஆயில் டேங்கும் பெரும்பாலும் அந்த ஹெல்முக்குள்ளேயே இருக்கும். அங்கிருந்து போர்ட், ஸ்டார்போர்ட் என்று இரண்டு பைப் பின்னால் போய், சுக்கான் தண்டின் டில்லரைத் தள்ளும் சிலிண்டரில் முடியும்.

நடுவில் லாக் வால்வு என்று ஒன்று உண்டு. இதைப் புரிந்துகொண்டால்தான் பழுது பார்க்க முடியும். இதில் இரண்டு செக் வால்வுகள், இடையில் ஒரு சின்ன ஸ்பூல். வீலை வலப்பக்கம் சுற்றினால் அந்தப் பக்கச் செக் வால்வு ஆயில் அழுத்தத்திலேயே திறக்கும். அதே அழுத்தம் ஸ்பூலைத் தள்ளி எதிர்ப்பக்க வால்வையும் திறந்துவிடும், திரும்பி வரும் ஆயிலுக்கு வழி வேண்டுமே! வீலை விட்டதும் இரண்டும் மூடிக்கொள்ளும். சிலிண்டரின் இரண்டு பக்கமும் ஆயில் சிறைப்பட்டுவிடும். அதனால்தான் அலை சுக்கானை அடித்தாலும் வீல் கையில் உதைப்பதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், முறை எல்லாப் படகுக்கும் பொருந்தும். இரண்டு பக்கமும் ராடு உள்ள சிலிண்டர். உள்விட்டம் 50 மி.மீ., ராடு 20 மி.மீ., ஸ்ட்ரோக் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

பரப்பு = 0.7854 × (50² − 20²) = 1649 ச.மி.மீ.
ஒரு முழு ஸ்ட்ரோக்குக்கு ஆயில் = 1649 × 200 ÷ 1000 = சுமார் 330 சி.சி.

ஹெல்ம் பம்ப் ஒரு சுற்றுக்கு 50 சி.சி. தரும் என்றால், சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக 330 ÷ 50 = 6.6 சுற்று வேண்டும். இந்த 6.6 என்ற எண்ணை ஹெல்ம் பக்கத்தில் பெயின்டில் எழுதி வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். படகு ஓடும்போது 8 சுற்று தேவைப்பட்டால் கணக்கு என்ன சொல்கிறது? பம்ப் கொடுத்தது 400 சி.சி., பயன்பட்டது 330 சி.சி., மீதி 70 சி.சி. எங்கேயோ நழுவுகிறது. வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி 82.5 சதவீதம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தச் சொல் இங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிறது!

விசையையும் பார்த்துவிடுவோம். 40 பார் அழுத்தத்தில் சிலிண்டர் தள்ளும் விசை 4 × 1649 = சுமார் 6,600 நியூட்டன். கிட்டத்தட்ட 670 கிலோ எடை. டில்லருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கை வைக்கும் முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பது

பழுது பார்ப்பதில் பாதி வேலை கண்டுபிடிப்பதுதான். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காட்டன் வேஸ்டை எடுங்கள். எல்லா இணைப்பையும், ராடையும், ஹெல்மின் அடிப்பாகத்தையும் சுத்தமாகத் துடைத்து, இணைப்புகளின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, வீலை இரு பக்கமும் கடைசிவரை பத்துப் பதினைந்து தடவை சுற்றச் சொல்லுங்கள். காகிதத்தில் விழும் முதல் சொட்டுதான் நமக்கு வேண்டியது. ஆயில் கீழ்நோக்கி வழிந்து வேறிடத்தில் சொட்டும், ஆகவே சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தடவிப் போக வேண்டும். தடவி என்றதும் விரலால் என்று நினைக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் பைப்பில் ஊசித்துளை இருந்தால் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்கும்படி ஆகலாம். அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள். அப்படி ஆயில் ஏறிவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீல் ஷாஃப்டைச் சுற்றி ஈரம் என்றால் ஹெல்ம் ஷாஃப்ட் சீல். அங்கே அழுத்தம் அதிகம் இல்லை, மெதுவாகத்தான் கசியும். அநேக ஹெல்ம்களில் பம்பைப் பிரிக்காமல் முன்பக்கத்திலிருந்தே மாற்றிவிடலாம். ஆனால் அதற்கு முன் மூடியைப் பாருங்கள். விளிம்புவரை ஆயில் ஊற்றியிருந்தால் வெயிலில் விரிந்து மூடியின் காற்றுத் துளை வழியாக வழியும். அது கசிவே இல்லை! மேல்தளத்திலும் ஒரு வீல் இருக்கும் படகில் மேலே உள்ள ஹெல்முக்குத்தான் துளை உள்ள மூடி. கீழே துளையில்லாத மூடி போட வேண்டும். மாற்றிப் போட்டால் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டில் ஒழுகுகிற மாதிரிதான்.

இணைப்பில் கசிந்தால் நம் கை தானாக ஸ்பேனரைப் போட்டு இன்னும் ஒரு இழு இழுக்கும். நல்லதில்லை. நட்டின் முன் உள்ள பைப் வாய் பிளந்திருந்தால் முறுக்க முறுக்க விரிசல்தான் பெரிதாகும். செப்புப் பைப் இன்ஜின் அதிர்வில் நாளாக நாளாக இறுகி, வளைவிலோ நட்டின் ஓரத்திலோ மயிரிழை போல் வெடிக்கும். அதற்குச் சரியான இடங்களில் கிளாம்ப் போட வேண்டும். இன்னொன்று, குழாய்க்காரர் மாதிரி வெள்ளை டெஃப்லான் டேப்பை இங்கே சுற்றாதீர்கள். அதன் ஒரு சின்ன நார் பிய்ந்து லாக் வால்வின் சீட்டில் உட்கார்ந்தால் வெளிக்கசிவு நின்று உள்கசிவு ஆரம்பிக்கும். மரை இணைப்புக்குத் திரவ சீலன்ட், அதுவும் முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுப் பூச வேண்டும். கூம்பு இணைப்புகளுக்கு எதுவும் தேவையில்லை.

சிலிண்டரில் ராடு வெளிவரும் இடத்தில் ஈரம் என்றால் கிளாண்ட் சீல். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

எங்குமே ஈரம் இல்லை, ஆயில் லெவலும் குறையவில்லை, ஆனால் சுக்கான் நிற்க மாட்டேன் என்கிறது. இதுதான் உண்மையில் தலைவலி. வெளியே ஒழுகுவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே ஒழுகுவது ஆயில் டேங்கிலேயே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கரையில் இருக்கும்போது ஒருவர் டில்லரைக் கையால் பலமாகத் தள்ள வேண்டும், மற்றவர் வீலைத் தொடாமல் பார்க்க வேண்டும். டில்லர் நகர்ந்து, வீலும் கூடவே சுற்றினால் லாக் வால்வு மூடவில்லை. டில்லர் மெதுவாக நகர்ந்துகொண்டே போகிறது, வீல் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பிஸ்டன் சீல். ஆயில் பிஸ்டனைத் தாண்டி ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குப் போகிறது. டில்லர் கொஞ்சம் நகர்ந்து, கையை விட்டதும் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்தால் அது சீலே இல்லை, காற்று.

சந்தேகம் தீரவில்லையா? ஹெல்மின் இரண்டு வாயையும் பிளைண்ட் பிளக்கால் அடைத்துவிட்டு வீலை மிதமாகச் சுற்றிப் பாருங்கள். கெட்டியாக நின்றால் ஹெல்ம் நல்லது, பின்னால் போய்த் தேடுங்கள். அப்போதும் சுற்றிக்கொண்டே போனால் கோளாறு ஹெல்முக்குள்தான். தொங்கித் தொங்கிச் சுற்றினால் ரிலீஃப் வால்வு திறந்து நம்மை ஏமாற்றும்.

சிலிண்டரைப் பிரிக்கும்போது

சுக்கானைக் கயிற்றாலோ மரக்கட்டையாலோ இறுக்கிக் கட்டாமல் எந்த நட்டையும் தொடக்கூடாது. லாக் வால்வு மூடியிருப்பதால் வீல் சும்மா இருந்தாலும் பைப்புக்குள் அழுத்தம் இருக்கலாம். படகு தண்ணீரில் இருந்தால் நட்டைத் தளர்த்திய அடுத்த நொடி சுக்கான் வீசும். பைப்களுக்குப் போர்ட், ஸ்டார்போர்ட் என்று அடையாளம் போடுங்கள். மாற்றி மாட்டிவிட்டால் வீலை வலப்பக்கம் சுற்றப் படகு இடப்பக்கம் போகும்! கழற்றிய வாயை எல்லாம் சுத்தமான மூடியால் அடைத்துவிடுங்கள், துணியைத் திணிக்காதீர்கள், நூல் உள்ளே போகும்.

கிளாண்டைக் கழற்றி ராடை உருவியதும் எல்லோரும் பழைய சீலைத்தான் பார்ப்பார்கள். நான் சொல்வது, ராடைப் பாருங்கள். விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். எங்காவது நகம் தட்டினால் அங்கே குழி இருக்கிறது. உப்பு நீர் காய்ந்து படிகமாக ராடில் ஒட்டும், ராடு உள்ளே போகும்போது அது வைப்பர் சீலை அறுக்கும், பிறகு உள் சீலை அறுக்கும். குழி விழுந்த ராடில் புதுச் சீல் போட்டால் சில நாளில் அதே ஒழுகல். 'தம்பி, சீலை மட்டும் மாத்திக் கொடுங்க' என்று படகுக்காரர் அவசரப்படுத்துவார். அவருக்கு ராடைக் கையில் கொடுத்து, நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான கீறல் என்றால் மிக நைஸான எமரி தாளால் தேய்க்கலாம், ஆனால் ராடைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கோடும் ஆயில் வெளியேற ஒரு வாய்க்கால். குழி ஆழமாக இருந்தால் ராடை மாற்ற வேண்டும், அல்லது கிரைண்ட் செய்து ஹார்டு குரோம் போட வேண்டும்.

அடுத்து கிளாண்ட் புஷ். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் சிலிண்டர் நேராக இல்லை என்று அர்த்தம். தாங்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம், டில்லர் உயரம் மாறியிருக்கலாம், சுக்கான் தண்டின் பேரிங் தேய்ந்து தண்டே ஆடலாம். இதைச் சரிசெய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் வீண்.

ஓ-ரிங் வாங்கக் கடைக்குப் பழையதை எடுத்துப்போய் 'இதே மாதிரி ஒண்ணு' என்று கேட்பது நம்மூர் வழக்கம். ஆயிலில் ஊறிய ரப்பர் அளவு மாறியிருக்கும். குரூவை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். 3.53 மி.மீ. தடிமன் ஓ-ரிங் 3.1 மி.மீ. ஆழக் குரூவில் உட்கார்ந்தால் சுமார் 12 சதவீதம் அமுங்கும். அசையும் ராடுக்கு அந்த அளவு சரி. அதற்கு மேல் தடிமனாகப் போட்டால் வீல் கனக்கும், ரிங் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். உதடு உள்ள சீல் என்றால் உதடு ஆயில் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும், வைப்பரின் உதடு வெளியே பார்க்க வேண்டும். ராடு முனையில் மரை இருந்தால் அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சீலுக்கு அதே ஆயிலைப் பூசி நுழையுங்கள். மரை முனை கத்தி மாதிரி. ஸ்குரூடிரைவரால் நெம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

எந்த ஆயில்? மெல்லிய மினரல் ஹைட்ராலிக் ஆயில், பல கைச்சுற்று ஸ்டியரிங்குகளுக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 15 என்ற ரகம். கம்பெனிக் கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். இன்ஜின் ஆயில் கெட்டி, வீல் கனத்துவிடும். ஆபத்து எது என்றால் பிரேக் ஆயில்தான். 'அதுவும் ஹைட்ராலிக்தானே' என்று ஊற்றிவிடுவார்கள். நம் சீல் நைட்ரைல் ரப்பர், மினரல் ஆயிலுக்குச் செய்தது. கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் ஆயிலில் அது கெட்டுப்போகும், பிறகு எல்லாச் சீலையும் மாற்ற வேண்டியதுதான்.

காற்றை வெளியேற்றுவது

காற்று ஏன் அவ்வளவு மோசம்? 20 சி.சி. காற்று உள்ளே மாட்டிக்கொண்டது என்போம். 40 பார் அழுத்தம் வரும்போது பாயில் விதிப்படி அது சுமார் அரை சி.சி. ஆகச் சுருங்கும். அதாவது 19.5 சி.சி. ஆயில் சுக்கானை அசைக்காமல் காற்றை அமுக்குவதற்கே போய்விட்டது. வீலில் இது கிட்டத்தட்ட 140 டிகிரி. டிரைவர் அரைச் சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றியும் படகு அசையாது! அதே அழுத்தத்தில் நம் 330 சி.சி. ஆயில் சுருங்குவது ஒரு சி.சி.கூட இல்லை.

வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஹெல்மில் ஒருவர் ஆயில் லெவல் ஒருபோதும் இறங்கிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பிஸ்டனை ஒரு கோடிக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கோடியில் உள்ள அறை இப்போது மிகச் சிறியது. அதன் பிளீடர் நிப்பிளில் கண்ணாடி டியூப் மாட்டி பாட்டிலுக்குள் விட்டுத் திறங்கள். டில்லர் நகராமல் கட்டிவைத்துவிட்டு வீலை எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றினால், ஆயில் அந்தச் சின்ன அறைக்குள் வந்து காற்றைத் தள்ளிக்கொண்டு டியூபில் ஏறும். குமிழி நிற்கும்வரை சுற்றி, சுற்றிக்கொண்டிருக்கும்போதே நிப்பிளை மூட வேண்டும். பிறகு மறு கோடியில் இதே வேலை. நிப்பிள் சிலிண்டரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். காற்று மேலேதான் நிற்கும், கீழே நிப்பிள் வைத்தால் நாள் முழுக்கச் சுற்றினாலும் வராது. வேகமாகச் சுற்றினால் ஆயில் நுரைத்துப் பால் மாதிரி ஆகும். அப்படி ஆனால் வேலையை நிறுத்தி டீ குடித்துவிட்டு வாருங்கள், நுரை அடங்கட்டும். பாட்டிலில் பிடித்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம்.

முடிந்ததா என்று பார்க்க வீலைக் கோடிவரை சுற்றி அழுத்திப் பிடியுங்கள். ஒருவர் ஹெல்மின் ஆயில் மட்டத்தைப் பார்க்கட்டும். அழுத்தும்போது மட்டம் இறங்கி, விட்டதும் ஏறினால் இன்னும் காற்று இருக்கிறது. பிறகு சுற்றுகளை எண்ணுங்கள், நம் 6.6க்குப் பக்கத்தில் வர வேண்டும். கரையில் கணக்குச் சரியாக வந்தாலும், சுக்கானில் தண்ணீரின் சுமை ஏறினால்தான் உண்மை தெரியும். ஆகவே துறைமுகத்துக்குள் மெதுவாக ஓட்டி ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலில் வைத்து ஸ்டியரிங் போய்விட்டால் சுக்கான் தண்டின் தலையில் மாட்டும் எமர்ஜென்சி டில்லர்தான் துணை. படகு புறப்படும் முன் அது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பல படகில் வலைக்கு அடியில் கிடக்கும். இன்னொரு விஷயம், சிலிண்டரில் ஆயில் பூட்டிக்கொண்டிருந்தால் நான்கு பேர் சேர்ந்தாலும் அந்த டில்லர் அசையாது. இரண்டு பைப்பையும் இணைக்கும் பைபாஸ் வால்வைத் திறக்க வேண்டும், அது இல்லாவிட்டால் சிலிண்டரை டில்லரோடு சேர்க்கும் பின்னைக் கழற்ற வேண்டும். தடைக்காலத்தில் படகு கரையில் இருக்கும்போதே அந்த வால்வு துருப்பிடிக்காமல் திரும்புகிறதா, பின் கையால் வெளிவருகிறதா என்று ஒரு முறை பார்த்துக் கிரீஸ் வைத்துவிடுங்கள். புதுச் சீல் போட்ட படகு முதல் முறை கடலுக்குப் போய் வந்ததும் ராடைத் துடைத்து, ஆயில் மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். பைப் வளைவுகளில் ஒளிந்திருந்த குமிழிகள் அதற்குள் ஹெல்முக்கு ஏறி வந்திருக்கும், மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த அளவை ஊற்றி மூடியைப் போடலாம்.